பதிவேட்டில் பெயர், வீட்டில் பாடம்: கடலோரக் குழந்தைகளின் கவனச் சிரமமும் கல்வி உரிமையும்

தமிழ்நாட்டில் ஒரு குழந்தை வகுப்பறைக்கு வெளியே, தன் வீட்டிலிருந்தே கல்வி பெறுவது பெரும்பாலும் இரு சூழல்களில் நிகழ்கிறது. பெருநகரங்களில் படிப்பும் பொருள்வசதியும் ஓய்வுநேரமும் வாய்த்த பெற்றோர், தம் குழந்தையின் இயல்புக்குப் பள்ளி ஒத்துவரவில்லை என்று கண்டு, அதைப் பள்ளியிலிருந்து விலக்கித் தாமே கற்பிப்பது முதல் வகை. உடலியக்கமோ அறிவு வளர்ச்சியோ கடுமையாகப் பாதிக்கப்பட்டுப் பள்ளிக்குச் செல்ல இயலாத குழந்தையின் வீட்டுக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் குறித்த நாள்களில் சென்று பயிற்சி தருவது இரண்டாம் வகை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பெருங்கூட்டம் விடுபட்டு நிற்கிறது. கைகால் நலமாக இயங்கியும், பேச்சு தடையின்றி வந்தும், ஓரிடத்தில் அமர்ந்து ஒரு பாடத்தை முடிக்க முடியாமல் தவிக்கின்ற, அல்லது எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாமல் திகைக்கின்ற குழந்தைகள் அவர்கள். அவர்களை வீட்டில் கற்பிப்பது தகுமா, தகுமெனில் எவ்வாறு, யாரால் என்பதே இச்சொற்பொழிவின் பொருள். அதைப் பொதுவில் பேசாமல், கீழவைப்பார் போன்றதொரு கடலோர ஊரை முன்வைத்துப் பேசுவதே பயனுடையது.

விளாத்திகுளம் வட்டத்தில், வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் பகுதியை ஒட்டி, சிப்பிகுளத்துக்கு அண்டையில் அமைந்த கீழவைப்பார், முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற கடற்கரையின் பழைய பரதவர் ஊர்களுள் ஒன்று. இக்கடற்கரையில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனபின், மீன்பிடியும் சங்குகுளிப்பும் கருவாடும் உப்பளமுமே இப்பகுதியின் பிழைப்புக்கு ஆதாரமாயின. விடியுமுன் ஆண்கள் வள்ளமேறிவிடுவதும், கரைக்கு வந்த மீனை ஏலத்தில் எடுத்து விற்பதிலும் கருவாடு உலர்த்துவதிலும் பெண்களின் பகல் கழிவதும் இத்தகைய ஊர்களின் அன்றாடம். எனவே, நகரத்துப் பெற்றோர் மேற்கொள்ளும் வீட்டுக்கல்வி முறையை, நாள்முழுதும் ஒரு பெரியவர் குழந்தையருகே அமர்ந்திருப்பார் என்னும் அனுமானத்தோடு, அப்படியே இங்கே கொண்டுவர இயலாது.

கவனச் சிரமம் என்று இங்கே குறிப்பிடப்படுவது, மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்று சுருக்கி வழங்கும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறாகும். ஒன்றில் கவனத்தை நிறுத்த இயலாமை, அடங்காத உடலசைவு, எண்ணிப் பாராமல் உடனே செயலில் இறங்கிவிடுதல் ஆகிய மூன்றும் இதன் முகங்கள். ஒரு குழந்தையிடம் மூன்றும் இருக்கலாம், முதலாவது மட்டும் இருக்கலாம். ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798இலேயே கவனம் நிலைக்காத நோயாளிகளைப் பற்றி எழுதியுள்ளார். 1902இல் இலண்டனில் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய சொற்பொழிவுகள், அறிவாற்றல் குன்றாமலே தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத குழந்தைகளை விவரித்தன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல் கவனக்குறைவை முதன்மைப்படுத்தி இதற்குப் பெயர் தந்து, 1987இல் இன்றைய பெயரை அமைத்தது. 2013இல் வெளிவந்த அதன் ஐந்தாம் பதிப்பின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி போன்ற இரண்டு சூழல்களிலாவது காணப்பட வேண்டும். இம்மூன்றாம் விதி ஊன்றிக் கவனிக்கத்தக்கது. வீட்டில் அமைதியாக இருந்து பள்ளியில் மட்டும் அலைபாயும் குழந்தையின் சிக்கல் பெரும்பாலும் பள்ளியில் இருக்கிறது. பள்ளியில் ஒழுங்காக இருந்து வீட்டில் மட்டும் கொந்தளிக்கும் குழந்தையின் சிக்கலை வீட்டில் தேட வேண்டும்.

இக்குழந்தைகளின் மூளையில் நிகழ்வது என்ன என்பதைப் பற்றி 2007இல் பிலிப் ஷாவும் உடன் ஆய்வாளரும் வெளியிட்ட முடிவு பெற்றோர் அனைவரும் அறிய வேண்டியது. மூளைப் புறணி தன் உச்ச தடிமனை அடையும் வயது, மற்றக் குழந்தைகளிடம் ஏறத்தாழ ஏழரையாகவும், இக்குழந்தைகளிடம் பத்தரையாகவும் இருந்தது. வளர்ச்சியின் வரிசைமுறை இரு சாராரிடமும் பெரும்பாலும் ஒத்திருந்தது. ஆகவே, பத்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் பத்து வயதுக்குரிய பொறுமையை எதிர்பார்த்து, அது வராதபோது அடிப்பதும் ஏசுவதும், இன்னும் முழுதாக உருவாகாத ஒன்றுக்காக அவனைத் தண்டிப்பதாகும். ‘சேட்டைக்காரன்’, ‘படிப்பு ஏறாதவன்’ என்று ஊரார் வழங்கும் தீர்ப்புகளும், ‘அப்பன் வளர்ப்பு சரியில்லை’, ‘ஆத்தா செல்லம்’ என்ற பழிகளும் இந்த உண்மையின் முன் நிற்கமாட்டா.

ஆயினும் கவனம் சிதறுகின்ற ஒவ்வொரு குழந்தைக்கும் இப்பெயரைச் சூட்டுவது பெருந்தீங்கு. காதில் சீழ் வடிந்து செவிப்புலன் மங்கிய குழந்தை, ஆசிரியர் சொல்வதைக் கேளாமல் வேறெங்கோ நோக்கும். கண்பார்வை குறைந்த குழந்தை கரும்பலகையைத் தவிர்க்கும். இரத்தசோகையும் தூக்கக்குறைவும் கவனத்தைக் குலைக்கும். சில நொடிகளே நீடிக்கும் ஒருவகை வலிப்பு, பகற்கனவு போலத் தோற்றமளிக்கும். இவற்றைச் சோதித்து விலக்கிய பின்னரே கவனச் சிரமம் என்ற முடிவுக்கு வருதல் முறை. மற்றொருபுறம், ஓடியாடாமல் மூலையில் அமர்ந்து மனத்தளவில் மட்டும் அலைகின்ற பெண்குழந்தைகள் யாருக்கும் தொல்லை தராததாலேயே யார் கண்ணிலும் படாமல் போகிறார்கள் என்பதும் உலகெங்கும் மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட உண்மை.

சட்டத்தின் நிலை இதைவிடக் குழப்பமானது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், பல்வகை ஊனமுற்ற குழந்தைகளுக்கும் கடும் ஊனமுற்ற குழந்தைகளுக்கும் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை வழங்கியது. கடும் ஊனம் என்பதற்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வகுத்த அளவு 80 விழுக்காடு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, ஊனவகைகளின் எண்ணிக்கையை 21ஆக விரித்து, புறவுலகச் சிந்தனையின்மை எனப்படும் ஆட்டிசத்தையும், எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாமை போன்ற கற்றல் குறைபாட்டையும் அவற்றுள் சேர்த்தது; கவனச் சிரமத்தைச் சேர்க்கவில்லை. இதற்கு மூன்றாண்டுகள் முன்னதாக, 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரிடம் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கண்டறிய வேண்டிய முப்பது நிலைகளைப் பட்டியலிட்டபோது, கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறை அதில் இடம்பெறச் செய்திருந்தது. அதாவது, ஊர்தோறும் வருகின்ற அரசு மருத்துவக் குழு இக்குழந்தையை அடையாளம் கண்டு, மாவட்ட அளவிலான இடையீட்டு மையத்துக்கு அனுப்பும் கடமையுடையது. ஆனால் அங்கிருந்து திரும்பிய குழந்தைக்கு, ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ உடனிருந்தாலன்றி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இல்லை, அதைச் சார்ந்த சலுகையும் இல்லை. ஓர் அரசுத்துறை கண்டறிந்த சிரமத்தை மற்றொரு சட்டம் அறியாதிருப்பது, நீதிக்குப் பொருந்தாத நிலை என்பதைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும்.

தாமே விரும்பிப் பள்ளியை விட்டு விலகும் பெற்றோரைச் சட்டம் தண்டிப்பதில்லை. கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக்கல்விக்குத் தடையாக நிற்கவில்லை என்று ஒன்றிய மனிதவள அமைச்சகம் 2012இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் தெரிவித்தது. வீட்டில் பயின்றவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ, தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தனித்தேர்வு வழியாகவோ சான்றிதழ் பெறலாம். இக்கதவுகள் திறந்திருப்பது நல்லதே. எனினும் தமிழ்நாட்டில் பள்ளிப் பதிவேட்டிலிருந்து ஒரு பெயர் நீங்கும்போது, பாடப்புத்தகமும் சத்துணவும் 2022இல் தொடங்கிய காலை உணவும் அதனோடு நீங்கிவிடுகின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவிக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகின்ற புதுமைப்பெண் திட்டமும், மாணவர்க்கு அதே தொகை தருகின்ற தமிழ்ப் புதல்வன் திட்டமும், மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடும் பள்ளிப் பதிவேட்டைச் சார்ந்தவை. வசதியுள்ள குடும்பத்துக்கு இவை பொருட்டல்ல. மீன்பாடு குறைந்த நாளில் அடுப்பெரிவதே கேள்வியாகும் குடும்பத்துக்கு, இவற்றை இழப்பது பல்லாண்டுக்கால இழப்பு. கடலோரக் குழந்தையைப் பொறுத்தவரை, வீட்டுக்கல்வி என்பது பள்ளிப் பதிவேட்டில் பெயர் நீடித்திருக்க நடைபெறும் கல்வியாக இருந்தாலன்றி அது அக்குழந்தைக்கு நன்மை தராது.

மற்றோர் அபாயம் இதனினும் பெரிது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், 14 வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்துவதைத் தடை செய்ததோடு, பள்ளிநேரம் போக மிகுந்த நேரத்திலும் விடுமுறையிலும் அபாயமற்ற குடும்பத் தொழிலில் உதவலாம் என விலக்கும் அளித்தது. பள்ளிநேரம் என்ற ஒன்றே இல்லாத குழந்தைக்கு இந்த விலக்கின் எல்லை எங்கே முடியும்? வகுப்பில் அமரமாட்டாத சிறுவன், கடற்கரையில் வலை இழுக்கும்போதும் மீன் பிரிக்கும்போதும் சுறுசுறுப்பாகத் தோன்றுவான். ‘படிப்பு வேண்டாம், தொழிலுக்கு வரட்டும்’ என்று சொல்ல யாருக்கும் தோன்றும். கவனச் சிரமமுள்ள சிறுவர்களின் படிப்பு கடலோரத்தில் முடிவுறும் வழி பெரும்பாலும் இதுவே. கடல்தொழில் இழிவானது என்ற எண்ணம் இவ்வெச்சரிக்கைக்கு அடிப்படையன்று. தொழிலைத் தேர்வதற்குரிய அறிவும் வயதும் வருமுன்னரே அவனுக்காகப் பிறர் அதைத் தேர்ந்துவிடுவதே மறுக்கத்தக்கது.

இத்தனை எச்சரிக்கைக்குப் பின்னும் வீட்டில் கற்பிப்பதை ஏன் ஆதரிக்க வேண்டும் என்றால், இக்குழந்தைகள் மாறுவது வீட்டிலிருந்தே தொடங்குகிறது என்பதற்குப் போதிய சான்று இருப்பதால்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் கவனச் சிரமத்துக்கு மருந்துக்கு முன்னதாகப் பெற்றோருக்குப் பயிற்சி தருவதையே முதற்சிகிச்சையாக வைக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்துப் போர்ட்டேஜ் என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டு 1969இல் தொடங்கிய திட்டம், ஊர்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் கிடந்ததால், வளர்ச்சி குன்றிய குழந்தைகளை மையத்துக்கு அழைப்பதை விடுத்து, வாரம் ஒருமுறை பயிற்றுநரை வீட்டுக்கு அனுப்பித் தாய்க்குக் கற்பித்தது. அவ்வாரம் முழுதும் தாய் குழந்தைக்குக் கற்பித்தாள். பின்னர் உலகின் பல நாடுகள் பின்பற்றிய இம்முறை, கிராமப்புறத்தின் தேவையிலிருந்து பிறந்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது. சென்னையில் 1989இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், ‘உபநயன்’ என்னும் பயிற்சி முறையில், இரண்டு வயது வரை குழந்தை அடைய வேண்டிய 250 திறன்களை இயக்கம், தற்சார்பு, மொழி, அறிதல், கூடிப்பழகுதல் என்ற ஐந்து பிரிவுகளாக வகுத்து, தாயோ உறவினரோ உடனிருந்து கற்றுக்கொள்வதை விதியாக்கியது. கீழவைப்பாருக்கு அருகிலுள்ள தென்மாவட்டத்தில், தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் நிறுவிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து வீடுதோறும் அனுப்பி, குழந்தையின் முன்னேற்றத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிந்து, தொலைவிலுள்ள வல்லுநர் அதைப் பார்த்து வழிகாட்ட ஏற்பாடு செய்திருக்கிறது. இவை பெரும்பாலும் இளங்குழந்தைகளுக்கும் கடும் ஊனமுற்றோருக்கும் உரியவை என்றாலும், பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்து, வீட்டாரைப் பயிற்றுவிக்கும் முறை பள்ளிவயதுக் கவனச் சிரமத்துக்கும் அப்படியே பொருந்தும்.

அந்தப் பயிற்சியில் கற்க வேண்டியவை பல. அவற்றுள் தலையாயது நேரத்தைச் சிறிதாக்குவது. கவனச் சிரமமுள்ள குழந்தையிடம் நாற்பது நிமிடப் பாடம் தோற்கும். பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்து, இடையிடையே தண்ணீர்க் குடம் எடுத்துவரவோ வாசல்வரை ஓடிவரவோ விட்டால் அதே பாடம் நிறைவேறும். ‘எழுந்து பல் துலக்கிச் சாப்பிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வா’ என்று நான்கு கட்டளைகளை ஒரே மூச்சில் சொன்னால், கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் பிடித்துவைக்கும் ஆற்றல் குறைந்த அக்குழந்தைக்கு முதலாவதோ கடைசியோ மட்டுமே நிற்கும். எனவே ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, அது முடிந்ததும் உடனே ஒரு பாராட்டு என்பதே முறை. வெகுமதியை மாதக்கடைசிக்குத் தள்ளிப்போடுவது இவர்களிடம் பலிக்காது. நாளின் வரிசையைப் படமாக வரைந்து கதவருகே ஒட்டிவைத்தால், மறப்பதற்காக ஏச்சு வாங்குவது குறையும். மருத்துவர் மருந்து தேவையென்று கூறினால் அதை அஞ்சி மறுப்பதும், மருத்துவரைக் காணாமலே மருந்து தேடுவதும் இரண்டுமே தவறு.

கற்றல் குறைபாடு உடனிருக்கும் குழந்தைக்குத் தமிழ் எழுத்து தனிக்கவனம் வேண்டுவது. எழுத்தளவில் 247 என்று எண்ணப்பட்டாலும், உயிர், மெய், அவற்றின் குறிகள் ஆகியவற்றை அறிந்தால் மற்றவை அமைந்துவிடும் என்பது தமிழின் வசதி. ஆனால் ஒலிக்கும்போது மெய்க்குப் பின்னர் வருகின்ற எகர, ஏகார, ஐகாரக் குறிகள் எழுதும்போது மெய்க்கு முன்னே நிற்பதும், ஒகர, ஓகாரக் குறிகள் மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்பதும், ககரம் ஓரிடத்தில் வன்மையாகவும் மற்றோரிடத்தில் மென்மையாகவும் ஒலிப்பதும், லகர ளகர ழகர வேறுபாடும் இக்குழந்தையைத் தடுமாறச் செய்யும். ஒலியைக் காதால் கேட்டு, வாயால் சொல்லி, விரலால் மணலில் எழுதி, ஒரே எழுத்தைப் பல புலன்களால் பதியவைப்பதே இதற்கு உலகெங்கும் கைக்கொள்ளப்படும் வழி. மணலில் எழுதிப் பழகுவதும், மூத்த மாணவர் இளையவர்க்குச் சொல்லித்தருவதும் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் வழக்கமாக இருந்தவை. சென்னையில் அவற்றைக் கண்ட ஆண்ட்ரூ பெல் என்பவர், இங்கிலாந்து திரும்பி, 1797இல் அவற்றைப் பற்றி நூல் வெளியிட்டார்.

கடற்கரை தருகின்ற பாடப்பொருளும் குறைந்ததன்று. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்னும் காற்றுகளைக் கொண்டு திசையும், நீவாடு எனப்படும் கடல் நீரோட்டத்தைக் கொண்டு விசையும், ஏலக்கணக்கைக் கொண்டு பெருக்கலும், டீசல் செலவைக் கழித்துப் பங்கு பிரிப்பதைக் கொண்டு பின்னமும் கற்பிக்கலாம். இருந்தும், கடலறிவு படிப்பறிவுக்கு ஈடாகிவிடும் என்ற மயக்கம் கூடாது. எழுத்தையும் எண்ணையும் நேரடியாக, ஒழுங்கான வரிசையில், நாள்தோறும் கற்பித்தே ஆகவேண்டும்.

இனி, இவற்றைச் செய்வது யார் என்னும் கேள்வி. முழுப்பொறுப்பையும் தாயின் தலையில் சுமத்துவது, ஏற்கெனவே மீன்கூடையும் வீட்டுவேலையும் சுமக்கும் பெண்ணுக்கு மூன்றாவது சுமையாகும். விளாத்திகுளம் போன்ற வட்டாரத் தலைமையிடத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர், பல ஊர்களுக்கும் பல குழந்தைகளுக்கும் பொறுப்பானவர். அவர் வருகையை மட்டும் நம்பியிருக்க முடியாது. இரண்டுக்கும் இடையே நிற்கத்தக்க ஓர் அமைப்பைத் தமிழ்நாடு அறியும். கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபரில், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம் என்னும் மீனவர் ஊரில் தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம், அந்தந்த ஊரின் படித்த இளைஞரை, பெரும்பாலும் பெண்களை, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையுடன் மாலைநேர ஆசிரியராக்கியது. அத்தகைய தன்னார்வலர்க்குக் கவனச் சிரமத்தையும் கற்றல் குறைபாட்டையும் கையாளும் பயிற்சியைத் தந்து, உழைப்புக்கேற்ற ஊதியமும் தந்தால், ஒவ்வோர் ஊரிலும் ஒரு வீட்டாசிரியர் உருவாவார்.

முத்துக்குளித்துறைக்கு இது புதிதுமன்று. 1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஊர்தோறும் கணக்கப்பிள்ளை ஒருவரை அமர்த்திச் சிறுவர்க்கு மந்திரங்களைக் கற்பிக்கச் செய்ததையும், கற்ற சிறுவரையே நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பிச் சொல்லவைத்ததையும் அவர் கடிதங்கள் கூறுகின்றன. முத்துக்குளிப்பு வருவாயிலிருந்து போர்ச்சுகல் அரசியின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்ட தொகையை, இப்படிக் கற்பிப்பவர்களின் ஊதியத்துக்கு விட்டுத்தருமாறு அரசிக்கே அவர் எழுதினார். அவர் கற்பித்தது சமயம் என்பதும், இன்றைய தேவை வேறு என்பதும் தெளிவு. ஆயினும் ஊருக்குள்ளேயே ஆசிரியரை உருவாக்குவதும், ஊரின் வருவாயிலிருந்து அவருக்கு ஊதியம் தேடுவதும், கற்றவன் கல்லாதவன் வீட்டுக்குச் செல்வதும் இக்கரையில் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுப் பழமையுடையவை.

ஆகவே செய்யத்தக்கவை இவை. கவனச் சிரமமுள்ள குழந்தையின் பெயர் அருகமைப் பள்ளியின் பதிவேட்டில் இருக்க, தாங்கும் அளவுக்கு அது பள்ளிக்கு வர, எஞ்சிய பாடத்தை வீட்டிலோ பக்கத்து வீட்டுத் திண்ணையிலோ பயிற்சி பெற்றவரிடம் கற்க, அந்நேரமும் வருகையாகக் கணக்கிடப்பட, தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும். கற்றல் குறைபாடுடைய மாணவர்க்குப் பொதுத்தேர்வில் ஏற்கெனவே வழங்கப்படும் கூடுதல் நேரத்தையும் சொல்வதை எழுதுபவரையும், தேவைக்கேற்ப, கவனச் சிரமமுள்ளோர்க்கும் விரிவாக்க வேண்டும். கடும் ஊனமுற்றோர்க்கு இப்போது நடைபெறும் வீட்டுவழிப் பயிற்சியின் பயனை ஆய்ந்து பார்க்கவேண்டுமென 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே கூறுகிறது. அந்த ஆய்வு ஊராட்சி அளவில், பெற்றோர் முன்னிலையில் நடக்கட்டும். சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத செயலும் ஒன்று உண்டு. பள்ளிக்கு வராமல் கடற்கரையில் திரியும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பள்ளி மேலாண்மைக் குழு இந்த ஆண்டே பட்டியலிட்டு, காதும் கண்ணும் சோதிக்க அனுப்பி, முடிவைப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்லலாம். கீழவைப்பாரின் பெற்றோரும் ஆசிரியரும் ஊர்ப்பெரியோரும் அதைத் தொடங்கி வைக்குமாறு வேண்டப்படுகிறார்கள்.